கேபிள்காரர் வைத்துப்போன மோடத்துக்குப் பின்னால் சொந்த ரவுட்டர்: கல்வீட்டுக்கு ஏற்ற முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புது ஃபைபர் லைன் போட வருபவருக்கு எப்போதும் நேரம் குறைவு. கம்பத்திலிருந்து கறுப்பு ஒயரை இழுத்து, வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு துளை போட்டு, கண்ணில் பட்ட முதல் பிளக் பாயிண்ட்டுக்கு மேல் வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். இரண்டாவது அறைக்குப் போவதற்குள் சிக்னல் இளைத்துவிடும். 2004 வரை ஒரே மாவட்டமாக இருந்த இந்த இரண்டிலும் கருங்கல் தாராளமாகக் கிடைக்கும்; பழைய வீடுகளில் ஒன்றரை அடி கனத்துக்குக் கல்சுவரே உண்டு. செங்கல் சுவரைவிட அதிகமாக வைஃபையை விழுங்குவது அந்தக் கல். ஓசூரில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனி வேலை பார்ப்பவருக்கு மீட்டிங் நடுவே குரல் அறுந்து போனால், லைனைக் குறை சொல்வதற்கு முன் சுவரைப் பார்க்க வேண்டும்.

இதற்கு மருந்து, வீட்டின் நடுவில் ஒரு சொந்த ரவுட்டர். ஆனால் வாங்கி வந்து செருகினால் மட்டும் போதாது. வீட்டுக்குள் இருக்கும் போன், டிவி, கேமரா எல்லாவற்றுக்கும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள கதவு எண்) கொடுக்கும் வேலையை எந்தப் பெட்டி செய்யப்போகிறது என்று முதலில் முடிவெடுங்கள். இந்தக் குழப்பத்தால்தான் பாதி இடங்களில் "புது ரவுட்டர் சரியில்லை" என்ற பேச்சு வருகிறது.

உங்கள் வீட்டில் இருப்பது எது

பச்சை முனை கொண்ட மெல்லிய ஒயர் நேராகப் பெட்டிக்குள் போனால் அது ஓஎன்டி. பேச்சில் மோடம் என்கிறோம். உண்மையில் ஒளியை லேன் (வீட்டுக்குள் ஓடும் நெட்வொர்க்) சிக்னலாக மாற்றும் கருவியும் சின்ன ரவுட்டரும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் ரவுட்டரை அந்த இடத்தில் வைக்க முடியாது. ஓஎன்டியின் வரிசை எண் கம்பெனியின் கருவியில் பதிவாகியிருக்கும். அந்த எண் தெரிந்தால்தான் அங்கிருந்து லைன் திறக்கும்.

சில ஊர்களில் உள்ளூர் கேபிள்காரர் பக்கத்துத் தெரு வரை மட்டும் ஃபைபர் கொண்டுவந்து, அங்கிருந்து சாதாரண லேன் கேபிளையே வீட்டுக்கு இழுத்திருப்பார். அப்படியானால் உங்கள் வேலை எளிது. அந்தக் கேபிளை உங்கள் ரவுட்டரின் வான் போர்ட்டில் (வெளியிலிருந்து நெட் உள்ளே வரும் துளை) நேராகச் செருகி, யூசர்நேம் பாஸ்வேர்ட் போட்டால் முடிந்தது. இனி சொல்வதெல்லாம் ஓஎன்டி உள்ளவர்களுக்கு.

பெட்டியின் பக்கத்தில் ரீசெட் என்று ஓர் ஊசித்துளை இருக்கும். எக்காரணம் கொண்டும் அதை அழுத்தாதீர்கள். கம்பெனி உள்ளே எழுதி வைத்த லாகினும் வீலேன் எண்ணும் (ஒரே ஒயரில் வரும் நெட், போன் போன்றவற்றைப் பிரிக்கும் அடையாள எண்) அழிந்துபோய், ஆள் வந்து திரும்பப் போடும் வரை நெட் இருக்காது. உங்கள் சொந்த ரவுட்டரை எத்தனை முறை வேண்டுமானாலும் ரீசெட் செய்யலாம். ஓஎன்டியை மட்டும் கூடாது.

மூன்று வழிகள்

ஒன்று, ஓஎன்டியை இருக்கிறபடியே விட்டு அதற்குப் பின்னால் ரவுட்டரை மாட்டுவது. இரண்டு பெட்டிகளும் முகவரி மாற்றும் வேலையைச் செய்யும். இதை டபுள் நாட் என்பார்கள். இரண்டு, ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றி, லாகின் முதல் எல்லா வேலையையும் உங்கள் ரவுட்டருக்குக் கொடுப்பது. மூன்று, ரவுட்டரை வெறும் வைஃபை பரப்பும் பெட்டியாக, ஆக்சஸ் பாயிண்ட்டாக வைப்பது.

டபுள் நாட் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. யூடியூப், வீடியோ கால், பள்ளி ஆன்லைன் வகுப்பு, ஆபீஸ் விபிஎன் எல்லாம் அதில் ஒழுங்காக ஓடும். இடிப்பது வெளியிலிருந்து உள்ளே வரவேண்டிய வேலைகளுக்குத்தான்: போர்ட் திறந்து (வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் ஒரு வாசல் திறந்துவிட்டு) பார்க்கும் சிசிடிவி டிவிஆர், வீட்டில் வைத்த சர்வர், சில ஆன்லைன் விளையாட்டுகள். க்யூஆர் ஸ்கேன் செய்து போனில் பார்க்கும் கேமராக்களுக்கு இந்தச் சிக்கல் வராது. எங்கள் கருத்து இதுதான்: போர்ட் திறக்கும் தேவை இல்லாத வீட்டுக்கு முதல் வழியே போதும், கேபிள்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

பிரிட்ஜ் கேட்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஓஎன்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் (கீழே சொல்லும் கேட்வே எண்ணை பிரவுசரில் அடித்தால் திறக்கும்) வான் ஐபி என்று ஓர் எண் இருக்கும். அது 100.64 முதல் 100.127 வரையிலோ 10 என்றோ தொடங்கினால், கம்பெனியே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. இந்த நிலையில் பிரிட்ஜ் போட்டாலும் போர்ட் திறக்காது. தனிப் பொது ஐபி கேட்டு வாங்கினால்தான் உண்டு; அதற்குக் கட்டணம் தனி.

வாங்க வேண்டியவை

வான் போர்ட்டும் லேன் போர்ட்டும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஆக இருக்கும் டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உள்ள) ரவுட்டர் ஒன்று. அட்டைப் பெட்டியில் 1200 எம்பிபிஎஸ் என்று பெரிதாக எழுதியிருக்கும். அது இரண்டு வைஃபை பேண்டையும் கூட்டிய கணக்கு. உள்ளே வான் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே உள்ள மாடல்கள் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு அதை வாங்கினால் பாதி வேகம் வாசலிலேயே நின்றுவிடும். மோடமும் சேர்ந்த பழைய போன்லைன் ஏடிஎஸ்எல் ரவுட்டரை வாங்காதீர்கள். வான் என்ற பெயரில் நீல நிற ஈதர்நெட் போர்ட் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள் (கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறலாம், பெயரைப் படியுங்கள்).

லேன் கேபிள் கேட் 6, முழுச் செம்பு. விலை குறைவான கேபிள்களில் அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளியாக மின்னினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாசல் ஓஎன்டியிலிருந்து நடுக்கூடம் வரை சுவரோரமாக அளந்து, இரண்டு மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். செம்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர். மாந்தோப்பில் இருக்கும் பம்ப்செட் அறைக்கு அதைவிடத் தூரம் என்றால் லேன் கேபிளை இழுக்காதீர்கள். இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (லேன் சிக்னலை ஒளியாகவும் ஒளியை லேனாகவும் மாற்றும் சின்னப் பெட்டி) வைத்து ஃபைபர் போடுங்கள்.

முதல் வழி, படிப்படியாக

ரவுட்டரை நிரந்தர இடத்தில் வைப்பதற்கு முன் ஓஎன்டிக்குப் பக்கத்திலேயே வைத்து வேலையை முடித்துவிடுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்து, லேன் கேபிளால் ஓஎன்டியின் முதல் போர்ட்டில் இணைத்து வேகம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது குறைந்தால் ஒப்பிட இந்த எண் வேண்டும். சில ஓஎன்டிகளில் முதல் லேன் போர்ட் மட்டுமே கிகாபிட், மற்றவை 100. அதனால் எப்போதும் முதல் போர்ட்டையே பயன்படுத்துங்கள்.

அப்படியே லேப்டாப்பின் நெட்வொர்க் விவரத்தில் கேட்வே எண் (அதுதான் ஓஎன்டியின் சொந்த எண்) என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் 192.168.1.1. ஜியோ பெட்டியில் 192.168.29.1, ஹுவாவே ஓஎன்டிகளில் 192.168.100.1 என்று இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் புது ரவுட்டரின் சொந்த எண் அதன் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். இரண்டிலும் முதல் மூன்று பகுதிகள் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் எங்கே போவார்? ரவுட்டரும் அப்படித்தான் விழிக்கும்: வான் பக்கமும் லேன் பக்கமும் 192.168.1 என்றே இருந்தால், எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. வைஃபை முழுக் கோடு காட்டும், நெட் மட்டும் வராது. இப்போது வரும் சில ரவுட்டர்கள் இதைத் தாமே கண்டுபிடித்து எண்ணை மாற்றிக்கொள்கின்றன, எல்லாமும் அல்ல.

ஆகவே ஓஎன்டியுடன் இணைக்கும் முன்பே லேப்டாப்பை ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருகி, ஸ்டிக்கரில் உள்ள எண்ணை பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். புதிதாக ஒன்று வையுங்கள். லேன் செட்டிங்கில் ஐபியை 192.168.50.1 என்றும் சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்றும் போட்டு சேவ் செய்யுங்கள். ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழும். கேபிளைக் கழற்றிச் செருகிவிட்டு இனி 192.168.50.1 என்று அடித்தே உள்ளே போக வேண்டும். பழைய எண்ணையே அடித்துவிட்டு "பேஜ் திறக்கலை" என்று திகைப்பவர்கள் அதிகம்.

வான் அல்லது இன்டர்நெட் பக்கத்தில் டைனமிக் ஐபி என்பதைத் தேர்ந்தெடுங்கள். இங்கே பிபிபிஓஇ (யூசர்நேம் பாஸ்வேர்ட் போட்டு கம்பெனியோடு இணையும் முறை) வேண்டாம். அந்த லாகினை ஓஎன்டி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. இப்போது ஓஎன்டியின் முதல் லேன் போர்ட்டிலிருந்து ரவுட்டரின் வான் போர்ட்டுக்குக் கேபிள். அரை நிமிடத்தில் வான் ஐபி இடத்தில் 192.168.1.5 போல ஓர் எண் வந்து உட்கார வேண்டும். 0.0.0.0 என்றே நின்றால் கேபிள் லேன் போர்ட்டில் போயிருக்கிறது, அல்லது ஜாக் சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை (கம்பியோடு அழுத்திப் பொருந்தவில்லை).

நெட் வந்ததும் ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டை முடித்துவிட்டு, நேர மண்டலத்தை +5:30 ஆக்குங்கள். பிள்ளைகளுக்கு இரவு நேரக் கட்டுப்பாடு வைப்பவர்கள் இதை விட்டுவிட்டால் கட்டுப்பாடு ஐந்தரை மணி நேரம் தள்ளி வேலை செய்யும். கடைசியாக ஓஎன்டியின் வைஃபையை அணையுங்கள். இது முக்கியம். அணைக்காவிட்டால் போன் பழக்கத்தில் அந்தப் பலவீனமான சிக்னலையே பிடித்துத் தொங்கும், புது ரவுட்டர் பக்கத்தில் இருந்தாலும் மாறாது.

பிரிட்ஜ் போடுவதென்றால்

ஓஎன்டியின் மெனுவில் வான் பக்கம் உங்களுக்குத் திறந்தால் நீங்களே செய்யலாம். சில கம்பெனிகளின் பெட்டியில் அந்த மெனுவே தெரியாது. அங்கே கேட்டுத்தான் வாங்க வேண்டும். லைன்மேனிடம் சுற்றி வளைக்காமல் இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, என் ரவுட்டர்ல டயல் பண்ணிக்கிறேன். ஓஎன்டியை பிரிட்ஜ்ல போட்டுக் குடுங்க. பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், வீலேன் நம்பர் மூணும் வேணும். போன் லைனைத் தொடாதீங்க." கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள். லேண்ட்லைன் போனும் அதே ஓஎன்டியில் ஓடுகிறது என்றால் வாய்ஸ் என்று தனியாக ஒரு வான் வரி இருக்கும். டிஆர்069 (கம்பெனி தூரத்திலிருந்தே பெட்டியைக் கவனிக்கும் வழி) என்று இன்னொன்றும் இருக்கலாம். மாற்ற வேண்டியது இன்டர்நெட் என்ற வரியை மட்டும்.

நீங்களே செய்தால், தொடும் முன் வான் பக்கத்தை அப்படியே போனில் படம் எடுங்கள், ஸ்க்ரோல் செய்து கடைசி வரை. பிறகு இன்டர்நெட் வரியில் ரூட் என்பதை பிரிட்ஜ் ஆக்குங்கள். வீலேன் எண்ணைத் தொடாதீர்கள். போர்ட் பைண்டிங் (எந்த லேன் போர்ட்டுக்கு என்று தேர்ந்தெடுக்கும் இடம்) இருந்தால் லேன் 1 மட்டும் டிக். சேவ். இனி ரவுட்டரில் வான் வகையை பிபிபிஓஇ ஆக்கி, யூசர்நேம் பாஸ்வேர்டை எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் வரும் கோடு எல்லாம் கணக்கு. எம்டியூ (ஒரே தடவையில் அனுப்பும் தகவல் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1492; சாதாரண 1500-இல் பிபிபிஓஇ தலைப்புக்கு 8 பைட் போய்விடுகிறது. இந்த எண் தவறினால் விசித்திரமான கோளாறு வரும்: கூகுள் திறக்கும், வாட்ஸ்அப் போகும், ஆனால் ஏதோ ஒரு பேங்க் பக்கம் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கும்.

டயல் ஆகவில்லையா? ஓஎன்டி செய்திருந்த பழைய லாகின் கம்பெனி சர்வரில் இன்னும் உயிரோடு இருக்கலாம். ஒரு கணக்குக்கு ஒரு லாகின்தான் அனுமதி. இரண்டு பெட்டிகளையும் பத்து நிமிடம் அணைத்து வைத்து, ஓஎன்டியை முதலில் போட்டு, பான் விளக்கு (ஃபைபர் இணைப்பைக் காட்டுவது) நிலையாக எரிந்ததும் ரவுட்டரைப் போடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் கணக்கு பழைய கருவியின் மேக் முகவரியோடு (தயாரிப்பிலேயே கருவிக்கு வரும் அடையாள எண்) கட்டப்பட்டிருக்கலாம். ரவுட்டரில் மேக் குளோன் பக்கத்தில் ஓஎன்டியின் வான் மேக்கை அடியுங்கள், அல்லது கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வீலேன் எண் சந்தேகம்: சில ஓஎன்டிகள் லேன் போர்ட்டில் அந்த எண்ணை நீக்காமலே அனுப்பும். அப்போது ரவுட்டரின் ஐபிடிவி அல்லது வீலேன் பக்கத்தில் அதே எண்ணைப் போட வேண்டும்.

பிரிட்ஜ் ஆன பிறகு ஓஎன்டி பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால், லேப்டாப்பை அதன் வேறு லேன் போர்ட்டில் செருகி, கையால் 192.168.1.10 என்று (ஓஎன்டி எண் வேறு என்றால் அதன் முதல் மூன்று பகுதியோடு) ஐபி கொடுத்து உள்ளே போகலாம்.

மூன்றாவது வழி ஒரு பத்தியில்

மாடியில் சிக்னல் இல்லை, மற்றதெல்லாம் சரி என்பவருக்கு இது போதும். ரவுட்டர் மெனுவில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துக் கேபிளைச் செருகுங்கள். இல்லாத பழைய ரவுட்டரில்: லேன் ஐபியை 192.168.1.2 ஆக்கி (இந்த வழியில் மட்டும் முதல் மூன்று பகுதி ஓஎன்டியின் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும்), டிஎச்சிபியை (முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, கேபிளை வான் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். வீட்டில் பாதிப் போனுக்கு நெட் வரும், பாதிக்கு வராது.

கல்சுவருக்கு ஏற்ற வைஃபை

கல்சுவரை ஆன்டெனா எண்ணிக்கை ஜெயிக்காது. இடம்தான் ஜெயிக்கும். கதவுகள் ஒன்றையொன்று பார்க்கும் நடுக்கூடத்தில், ஐந்தாறு அடி உயரத்தில் வையுங்கள். சிக்னல் சுவரைத் துளைப்பதைவிடக் கதவு வழியாகச் சுலபமாகப் போகும். பீரோ மேல், டிவிக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் பக்கத்தில் வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11 மூன்றில் பக்கத்து வீடுகள் குறைவாகப் பயன்படுத்துவது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், கல்லைத் தாண்டும் திறன் குறைவு. அதற்கு 36 அல்லது 149-இல் தொடங்கும் சேனல்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3, டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்ட் அடிக்காமல் பட்டனால் இணைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே முழுக் கல்சுவர் என்றால் ரிப்பீட்டர் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். அதுவும் அதே சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கத்தும். ஒரு கேபிள் இழுத்து அந்தப் பக்கம் இரண்டாவது ஆக்சஸ் பாயிண்ட் வைப்பதே நிலைக்கும்.

வேகம் குறைந்தால் எங்கே தேடுவது

வேகம் 94, 95 எம்பிபிஎஸ்ஸில் சுவர் வைத்தாற்போல் நின்றால் அது வைஃபை கோளாறு அல்ல. கிகாபிட்டுக்கு லேன் கேபிளின் எட்டுக் கம்பியும் வேண்டும். நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலும் போர்ட் 100-க்கு இறங்கிவிடும். இரண்டு முனையிலும் ஜாக்கை வெட்டி, ஒரே வரிசையில் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.

மாலையில் மட்டும் அறுந்து அறுந்து வந்தால் ஓஎன்டி பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (உள்ளே வரும் ஒளியின் பலம்) பாருங்கள். மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 26, 27 என்று விளிம்பில் நின்றால் எங்கோ ஃபைபர் மடிந்திருக்கிறது. மஞ்சள் ஒயரை ஆணியில் சுற்றி மாட்டும் பழக்கம் இதற்கு முதல் காரணம். உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத வளையமாகச் சுற்றுங்கள். பச்சை முனையைக் கழற்றி விரலால் துடைக்காதீர்கள், உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும். எல்ஓஎஸ் விளக்கு (ஒளி வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக எரிந்தால் உங்கள் ரவுட்டரில் எதையும் மாற்றாதீர்கள், அது வெளிக் கோளாறு.

கரண்டும் இடியும்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வேலை நிற்காமல் இருக்க 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும். ஓஎன்டி, ரவுட்டர் இரண்டின் அடாப்டரிலும் 12 வோல்ட் என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். சில ரவுட்டர்கள் 9 வோல்ட், அதில் 12 கொடுத்தால் கருகலாம். பேட்டரி 8000 எம்ஏஹெச் என்பது 3.7 வோல்ட் கணக்கு. இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 12 வாட் என்றால் சுமார் 2 மணி நேரம் வரும். வழியில் ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை, அது வெறும் கண்ணாடி. ஆனால் கேபிள்காரர் ஆபீஸில் பேக்கப் தீர்ந்தால் உங்கள் யூபிஎஸ் என்ன செய்தும் பயனில்லை.

சித்திரை, வைகாசி கோடை மழையில் இடி இறங்கும்போது ஃபைபரின் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் வெளி ஒயரில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி உண்டு. அந்தக் கம்பி ஓஎன்டியைத் தொடாமல் வெளிச்சுவரிலேயே கொக்கியில் நிற்க வேண்டும். இரண்டு வீட்டுக்கு நடுவே திறந்தவெளியில் செம்பு லேன் கேபிள் இழுத்திருந்தால் இடிக்கு முதலில் போவது வான் போர்ட். மேகம் கறுத்ததும் அடாப்டரையும் அந்தக் கேபிளையும் கழற்றி வையுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஓஎன்டி எண், ரவுட்டர் எண் 192.168.50.1, அட்மின் பாஸ்வேர்ட், பிபிபிஓஇ லாகின், வீலேன் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். ரவுட்டரின் முதுகில் ஒட்ட வேண்டாம். வருகிறவர் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.